சுண்ணாம்புக்கு அடியில் ஒரு கை

நான் இத்தா இருந்த அறைக்கு இரண்டு யன்னல்கள். ஒன்று வீதிப் பக்கம், மற்றது கிணற்றடிப் பக்கம். கணவர் மவுத்தான அன்று பின்னேரமே அவருடைய மூத்த மாமி வந்து இரண்டுக்கும் கெட்டித் துணி போட்டு, மூலைகளில் ஆணியும் அடிப்பித்துவிட்டார். சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றினார், அதில் ஒரு கடை முதலாளியின் படம் இருந்தது. பிறகு மேசையில் கிடந்த என் சித்திரப் பாடப் புத்தகத்தைப் புரட்டினார். சிகிரியாப் பெண்கள் இருக்கும் பக்கத்தில் அவருடைய கை நின்றது.

"இதென்ன கா, இத்தா இரிக்கிற அறைக்குள்ள இந்தக் கோலத்தில பொம்புளயள்?" என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனார்.

கணவனை இழந்த பெண் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு இறங்காமல் இருக்க வேண்டும். அது எங்கள் மார்க்கக் கடமை, அரசாங்கம்கூட அதற்குச் சம்பளத்தோடு லீவு தருகிறது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் மார்க்கம் சொன்னது கொஞ்சம், ஊர் சேர்த்தது மிச்சம். யன்னலுக்கு ஆணி அடிக்கச் சொல்லி எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. மையத்து வீட்டில் சண்டை எதற்கு என்று பேசாமல் இருந்துவிட்டேன். நாலு மாதமும் கட்டிலையும் கூரையையும் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அந்தக் கூரையில் எத்தனை ஓடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

நான் இருபது வருடத்துக்கு மேலாகச் சித்திரம் படிப்பிக்கிறேன். எங்கள் கரையோர ஊர்களில் சித்திர டீச்சராக இருப்பது இரண்டு படகில் கால் வைக்கிற வேலை. உருவம் கீறுவது கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்புவார்கள். உருவம் கீறாவிட்டால் பரீட்சையில் புள்ளி இல்லை. "பூவும் கொடியும் கீறினாக் காணாதா டீச்சர்?" என்று எத்தனையோ பிள்ளைகளின் வாப்பாமார் என்னிடம் வந்து கேட்டிருக்கிறார்கள். காணாது. பத்தாம் வகுப்பில் குகை ஓவியம் வருகிறது. ஆயிரம், ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முன் பிக்குகள் இருந்த கற்குகைகள், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமலிருக்க அவற்றின் நெற்றியில் வெட்டிய விளிம்பு, களிமண்ணும் நெல் உமியும் குழைத்துச் சுவரில் பூசிய சாந்து, அதன் மேல் மெல்லிய வெள்ளைப் பூச்சு, அதன் மேல் செங்காவி, மஞ்சள், பச்சை. இதையெல்லாம் நான் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போட வைத்தேன். நான் மட்டும் ஒரு குகையையும் கண்டதில்லை. போகாத ஊருக்கு வழி சொல்கிற கதைதான்.

இத்தனைக்கும் எங்கள் சொந்தக் காணியில் ஒரு குகை இருந்தது.

வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த மூன்று ஏக்கர் வயல் அது. சவளக்கடைக்கும் அப்பால், மேற்கே போக வேண்டும். வயலின் கடைசி வரம்பு ஒரு பெரிய பாறையில் போய் முட்டும். பாறையின் அடிப்பக்கம் குடைந்த மாதிரி உள்ளே போகும். வெள்ளாமைக் காலத்தில் என் கணவர் கிழமைக் கணக்கில் வட்டையிலேயே, வயல்வெளியில் குடிசைபோல் ஒரு வாடி போட்டுக் கிடப்பார். லுஹருக்கும் அஸருக்கும் அந்தக் குகைக்குள் பாய் விரித்துத் தொழுவார், கூலிக்கு வந்தவர்களும் தொழுவார்கள். அவருக்கு முன் என் வாப்பாவும் அங்கேதான் தொழுதிருக்கிறார். உள்ளே எப்போதும் குளிர்ச்சி. தொழும்போது முகம் பார்க்கிற கிப்லாப் பக்கம் ஒரே நீளச் சுவர். பெண்கள் வட்டைக்குப் போவது குறைவு என்பதால் எனக்கு அது வெறும் சொல்லாகவே இருந்தது. "கல்லுக்குள்ள தொழுதிட்டு வந்தன்" என்பார், நான் சோற்றைப் போடுவேன்.

அவர் மவுத்தாவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு லீவு நாளில், என்னையும் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி நச்சரித்தேன். காலை ஒன்பது மணிபோல் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினோம். குகையின் வாய் கிழக்குப் பக்கம். வெயில் நேராக உள்ளே போய்ச் சுவரில் விழுந்திருந்தது. அவர் அங்கே தொழுததெல்லாம் மத்தியானத்திலும் பின்னேரத்திலும், சுவர் நிழலில் இருக்கிற நேரம். காலை வெயிலில் அந்தச் சுவரை அவர் நின்று பார்த்ததில்லை. வேலை நேரத்தில் யார் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்?

நான் பார்த்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்ன, பாம்பா?" என்று கேட்டார்.

"இந்தச் சிவப்பு என்ன?"

"அது கறை. கல்லு ஊறி வாறது."

"இது கறையில்ல. கை."

பிறகு நான் செய்ததுதான் என் தொழில் புத்தி. வகுப்பில் நிற்பதுபோல் நின்று, சுவரைத் தொடாமல், விரலைக் காற்றில் ஓட்டிக் காட்டினேன். "இந்தா தோள். இந்தா முழங்கை. இஞ்ச பாருங்க, விரல் மடிஞ்சிரிக்கி. விரலுக்குள்ள பூ. தாமரை மொட்டு போல." அவர் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கறை கையாக மாறிய அந்த நொடியை அவருடைய முகத்தில் நான் கண்டேன். பாடம் விளங்கிய பிள்ளையின் முகம் எனக்குத் தெரியும், எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"கண்ணும் இரிக்கா?" என்று கேட்டார்.

"இரிக்கி. இந்தா, கீழ பாக்கிது."

அவர் கீழே பார்த்தார். அந்தக் கண் பார்க்கிற இடத்தில் அவருடைய பாய் சுருட்டி வைத்திருந்தது. "இம்புட்டு வருசமும் நான் இதுக்கு முன்னாலயா தொழுதன்?" என்றார்.

"தெரியாமத் தொழுதது தொழுகைதான்" என்றேன். வரும் வழியெல்லாம் நான்தான் கதைத்துக்கொண்டு வந்தேன். பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வர வேண்டும், நல்ல கமரா ஒன்று வேண்டும், யாருக்கு எழுத வேண்டும் என்றெல்லாம். அவர் மோட்டார் சைக்கிளை ஓட்டினார்.

அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவரின் நகக்கண்ணெல்லாம் வெள்ளை. சோற்றுக்கு உட்காருவதற்கு முன் சொன்னார், நல்ல காரியம் ஒன்றைச் செய்து முடித்தவரின் குரலில்.

"மூணு தரம் சுண்ணாம்பு அடிச்சன். இனி ஒண்டும் தெரியா."

நான் சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்தேன். பிறகு நான் கத்தியது அடுத்த வளவுக்கும் கேட்டிருக்கும். அது எத்தனை தலைமுறைக்கு முன் கீறியது, அந்தச் சாந்துக்குள் இருக்கிற உமி எந்தக் காலத்து நெல்லினுடையது, உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டேன். "பழசெண்டாப் போல தொழுகை கூடிடுமா?" என்றார். வேறு இடத்தில் பாய் விரித்தால் என்ன என்று கேட்டேன். "உங்கட வாப்பாவும் தொழுத இடம் அது. உருவம் இரிக்கிற இடத்துக்கு மலக்குமார் வர மாட்டாங்கெண்டு உனக்குத் தெரியாதா?" என்றார். எனக்குத் தெரியும். வானவர்களைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்திவிட்டாரே என்று கோபம் இன்னும் கூடியது. பதினொரு நாள் அவரோடு கதைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் அவருக்குக் காய்ச்சல் வந்தது, கஞ்சி வைத்துக் கொடுத்தேன், கதைக்க வேண்டியதாகப் போய்விட்டது. ஆனால் அந்தச் சுவரைப் பற்றி நாங்கள் இருவரும் அதன் பிறகு வாய் திறக்கவேயில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டது சுவர். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் மரணிக்கும்வரை அதைக் கறை என்றே நினைத்துத் தொழுதிருப்பார். அல்லாஹ்வும் அதை ஏற்றுக்கொண்டிருப்பான் என்பது என் நம்பிக்கை. சுவரும் இருந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார், நெஞ்சைப் பிடித்தார், அவ்வளவுதான். வாகனம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இத்தாவின் ஐம்பதாவது நாள்போல் என் காக்கா அறைக்குள் வந்தார். அவர் கூடப்பிறந்தவர் என்பதால் வரலாம். கல்முனை பஸாரில் கம்பி, சீமெந்து, பெயின்ற் விற்கிற கடை வைத்திருக்கிறார். என் கணவருக்குப் பிறகு வயலையும் அவர்தான் பார்த்தார். கதவைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, பழைய குகைகளைப் பதிகிற ஆட்கள் எங்கள் பாறைக்கு வந்து போயிருக்கிறார்கள் என்றார். குகையின் நெற்றியில் வெட்டியிருந்த விளிம்பைப் பார்த்து, இது பிக்குகள் இருந்த இடம் என்று கண்டுகொண்டார்களாம்.

"வெறும் குகையெண்டா எல்ல கல்லோட நிக்குமாம். உள்ளுக்குப் படம் இரிந்தா எல்ல வயலுக்குள்ள இறங்குமாம். ரெண்டேக்கர் போயிடும்."

நான் கூரை ஓடுகளைப் பார்த்தேன்.

"சுண்ணாம்பு என்ட கடையிலதான் எடுத்த. என்னத்துக்கெண்டும் மச்சான் சொன்ன. நான் அதக் கண்ணால காணல்ல, எனக்கு ஒண்டும் தெரியா. உன்ட பேரில காணி. உன்னட்டத்தான் வந்து கேப்பாங்க. நீயும் ஒண்டும் காணல்ல. விளங்கினா?"

எனக்கு விளங்கியது. அந்த மூன்று ஏக்கரும் என் மகளுக்கு. எங்கள் ஊரில் பெண்ணுக்கு வீடும் காணியும் கொடுத்துத்தான் கலியாணம். அதைத் திட்டிக்கொண்டே நாங்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். மகளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்து, காணியை எழுதுகிறது என்று சொல்லி, அவளுடைய வாப்பாவும் மாப்பிள்ளை வீட்டுச் சோற்றில் கையை நனைத்துவிட்டுப் போயிருந்தார். பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு ஏக்கர் போனால் மிச்சம் ஒரு ஏக்கர், அதுவும் பள்ளக்காணி, மாரியில் தண்ணீர் நிற்கிற இடம்.

அன்றிலிருந்து அந்த அறை இன்னும் சுருங்கிவிட்டது. வெளியே மீன்காரனின் ஹோர்ன் சத்தம் கேட்கும், பாடசாலை விடுகிற சத்தம் கேட்கும். துணிக்கு அப்பால் வெயில் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். நான் படுத்துக்கொண்டு, காணவில்லை, காணவில்லை என்று சொல்லிப் பார்ப்பேன். வாய்க்கு வசமாக வந்தது. கண்ணை மூடினால் அந்த மடிந்த விரல்கள். ஆப்பிழுத்த குரங்கு என்று பிள்ளைகளை ஏசுவேன், அது யார் என்று இப்போது தெரிந்தது.

எண்பத்தைந்தாம் நாள் அவர்கள் வந்தார்கள். ஆண்கள் வாசலில் நிற்க, ஒரு இளம் பெண் அதிகாரி மட்டும் அறைக்குள் வந்தாள். சிங்களப் பிள்ளை, என் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றியிருந்தாள். அறையில் கதிரை இல்லை, கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழ் படித்திருக்கிறாள், மெதுவாகத் தேடித் தேடிக் கதைத்தாள். கணவர் மரணித்ததற்குத் துக்கம் சொன்னாள். பிறகு போனில் ஒரு படத்தைக் காட்டினாள். வெள்ளைச் சுவர். அவர் சுண்ணாம்பு அடித்த தேங்காய்த் தும்புக்கட்டையின் கோடுகள்கூடத் தெரிந்தன. அவருடைய கை எப்போதும் இடமிருந்து வலமாகத்தான் போகும்.

"டீச்சர், இது யார் அடிச்சது?"

"என்ட மாப்பிள்ள, மவுத்தானவர். தொழுறத்துக்கு."

"அதுக்கு முந்தி சுவர்ல ஏதாவது இருந்ததா? நீங்க சித்திர டீச்சர்தானே. உங்களுக்குத் தெரியும்."

வாசல் திரைக்கு வெளியே காக்கா இருமினார். அவருக்கு இருமல் இல்லை.

நான் அந்த இடத்தில் பொய் சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். ஐந்து கிழமையாகப் பழகி வைத்திருந்தேன். ஆனால் அந்த எண்பத்தைந்து நாளிலும் வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள், ஓதினீர்களா என்று கேட்டார்கள், அழுதீர்களா என்று முகத்தைப் பார்த்தார்கள். எனக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி என்னிடம் கேட்ட முதல் ஆள் அந்தப் பிள்ளை. காக்கா இரண்டாம் தரம் இருமினார். எனக்குக் கோபம் வந்தது.

"இருந்த. ஒரு ஆள். தோளும் கையும் முகத்தில பாதியும்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "வலது கையா, இடது கையா?"

"வலது கை. விரல் மடிஞ்சி, பூ."

அவளுடைய கண்களைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கோட்டின் தடிப்பு, சிவப்பின் நிறம், கண்ணிமையின் வளைவு, சாந்து உதிர்ந்த இடத்தில் உமி தெரிந்தது என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிங்களத்தில் எழுதி, தமிழில் வாசித்துக் காட்டினாள். கையெழுத்து வைத்தேன். என் கணவர் போன பிறகு முதல் தடவையாக அந்த அரை மணித்தியாலம் நான் சந்தோசமாக இருந்தேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அவர்கள் போன பிறகு காக்கா உள்ளே வந்தார். கத்தவில்லை. "வாயிரிந்தா வங்காளம் போகலாம் எண்டுவாங்க. உன்ட வாய் ரெண்டேக்கர முழுங்கிட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மூன்று கிழமைக்கு மேல் அறைப் பக்கம் வரவில்லை.

வயலுக்குள் சிவப்புத் தலை போட்ட எல்லைக் கட்டைகள் இறங்கின. முடிவு வரும்வரை அந்த இரண்டு ஏக்கரிலும் ஏர் இறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுற்று வட்டையெல்லாம் விதைப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். மாப்பிள்ளை வீட்டார் ஆள் அனுப்பி, "கொஞ்சம் பொறுத்துப் பாப்பம்" என்று சொன்னார்கள். பொறுப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மகள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பேன். அவள் மூன்று நேரமும் சோற்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அவளுடைய காலடிச் சத்தம் கதவுக்கு வெளியே கொஞ்சம் நின்றுவிட்டுப் பிறகு குசினிக்குப் போகும். நான் அறைக்குள் அடைபட்டிருந்தேன், அவள் என் கையெழுத்துக்குள் அடைபட்டிருந்தாள்.

நூற்றிப் பதினோராம் நாள் அந்த அதிகாரிப் பிள்ளை போன் எடுத்தாள். பாறைக்குப் பக்கத்தில் நின்று கதைத்தாள், பின்னால் மைனாக்களின் சத்தம் கேட்டது. கொழும்பிலிருந்து இரண்டு பேர் இரண்டு நாளைக்கு வந்திருக்கிறார்கள், நகமளவு நகமளவாக நாலு இடத்தில் சுண்ணாம்பைச் சுரண்டிப் பார்த்தார்கள், கீழே வெறும் கல் என்றாள்.

"சுவர் நீளம் டீச்சர். எல்லா இடமும் சுரண்ட விட மாட்டாங்க. சரியான இடம் தெரிஞ்சா ஒரு இடத்தில மட்டும் பாக்கலாம். நீங்க வந்து காட்டினா நல்லம். நான் வேன் அனுப்புறன்."

"நான் இத்தாவில இரிக்கன் மிஸ்."

"இன்னும் எத்தன நாள்?"

"பத்தொம்பது."

"அவங்க நாளைக்குப் பின்னேரம் போறாங்க. ஒண்டும் கிடைக்கல்ல எண்டா வெறும் குகை எண்டுதான் எழுதுவாங்க."

இத்தாவில் இருக்கிறேன் என்று சொன்னபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. நூற்றிப் பதினொரு நாளாக நான் மனதுக்குள் திட்டித் தீர்த்த நாலு சுவரும் அந்த நிமிடம் எனக்குக் காவலுக்கு வந்து நின்றன. தவிர்க்க முடியாத காரியத்துக்குப் பகலில் வெளியே போய் வர மார்க்கத்தில் இடமுண்டு. எனக்கு அது தெரியும். ஒரு மௌலவியிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளை விடவில்லை. "அப்ப ஒரு படம் கீறி அனுப்புங்க டீச்சர். போன்ல எடுத்து அனுப்பினாக் காணும். சுவர்ல எந்த இடம், எவ்வளவு உயரம் எண்டு."

சரி என்றேன்.

மகளின் பையிலிருந்து பென்சிலை எடுத்தேன். திருத்திய பரீட்சைத் தாள் ஒன்றின் பின்பக்கம் காலியாக இருந்தது. முதலில் சுவரைக் கீறினேன். கல்லில் ஒரு வெடிப்பு மேலிருந்து சாய்வாக இறங்கும், அதைக் கீறினேன். வெடிப்புக்கு வலப்பக்கம், இரண்டு சாண் தள்ளி, தோள். என் கணவர் நின்றால் அவருடைய தலை உயரத்தில் அந்த உருவத்தின் முழங்கை வரும். பிறகு கை. நான் மெதுவாகக் கீறுகிறவள், அழித்து அழித்துத்தான் கீறுவேன். அன்று ஒரு கோட்டைக்கூட அழிக்கவில்லை. விரல்கள் தாமாக மடிந்தன. கண்ணிமையைப் போட்டதும் அது என் மடியைப் பார்த்தது. இருபது வருடப் படிப்பிப்பில் நான் கீறிய ஒரே நல்ல படம் அதுதான்.

மகள் தேத்தண்ணியோடு வந்தாள். கோப்பையை வைக்கப் போனவள் தாளைக் கண்டு நின்றாள்.

"வாப்பா சுண்ணாம்பு அடிச்சது இதுக்கா உம்மா?"

"ஓம்."

அவள் குனிந்து நிறைய நேரம் பார்த்தாள். "வடிவா இரிக்கி" என்றாள். மூன்று கிழமைக்குப் பிறகு அவள் என்னோடு கதைத்த கதை அது. பள்ளியில் அஸருக்குப் பாங்கு சொன்னார்கள். அவள் தாளை எடுத்து, முகம் கீழே போகிற மாதிரித் திருப்பி மேசையில் வைத்தாள். பறக்காமல் இருக்க அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பையை வைத்தாள். பிறகு எனக்குத் தொழுகைப் பாயை விரித்துவிட்டுப் போனாள். கோபத்தில் செய்யவில்லை. அந்த அறையில் நான் தொழ வேண்டும், அதனால் திருப்பி வைத்தாள். எந்த வீட்டுப் பிள்ளையும் அதைத்தான் செய்திருக்கும். நானும் அப்படித்தான் அவளை வளர்த்தேன்.

நான் தொழுதேன். எத்தனை ரக்அத் தொழுதேன் என்று தெரியவில்லை. ஸலாம் கொடுத்துவிட்டுப் பாயிலிருந்தபடியே போனை எடுத்தேன்.

"மிஸ், எனக்கு இடம் ஞாபகம் வருதில்ல."

"பரவாயில்ல டீச்சர், கிட்டத்தட்டச் சொன்னாலும்..."

"நான் கண்டது கறையாவும் இரிக்கலாம்."

மைனாக்கள் கத்தின.

"வலது கை எண்டு சொன்னீங்க டீச்சர்."

"சொன்னன்."

"விரல் மடிஞ்சி பூ எண்டு சொன்னீங்க."

"சொன்னன். பிழையாக் கண்டிருப்பன்."

"சரி டீச்சர்" என்றாள். என்னைப் பொய்க்காரி என்று ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். எழுத்தில் தர வேண்டும் என்று மட்டும் சொன்னாள், குரல் மரியாதையாகவே இருந்தது.

காக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன், மறுநாள் தட்டச்சடித்த கடிதத்தோடு வந்தார். கூடவே ஒரு பை மாம்பழம். இத்தாவில் இருக்கிற கவலையில், மன ஆறுதல் இல்லாத நிலையில், காணாததைக் கண்டதாகச் சொல்லிவிட்டேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தேன். பேனையைத் திருப்பிக் கொடுக்கும்போது காக்கா என் தலையைத் தடவினார். அதற்காக அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அன்றைக்கே அந்தப் படத்தை அடுப்பில் போட்டேன். கடிதம் பொய் என்று காட்ட வீட்டில் ஒரு கடதாசி இருக்கக் கூடாது.

கட்டைகளைப் பிடுங்கிப் பாறையோடு சேர்த்து நட்டார்கள். விதைப்பு கொஞ்சம் பிந்தினாலும் வெள்ளாமை நன்றாக விளைந்தது. மகளின் கலியாணம் நடந்தது, காணி அவளுடைய பேரில் எழுதியாகிவிட்டது. மருமகன் நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. நான் மறுபடியும் பத்தாம் வகுப்புக்குச் சாந்தும் உமியும் செங்காவியும் படிப்பிக்கிறேன். யன்னல் துணியைக் கழற்றி வருடம் ஒன்றாகிறது, ஆனாலும் மூச்சு முட்டுகிற நாட்கள் இருக்கின்றன. பாறையின் பெயரை இங்கே நான் எழுதவில்லை. அதை எழுதுகிற துணிவு எனக்கு இருந்திருந்தால் அன்றைக்கே படத்தை அனுப்பியிருப்பேன்.

அந்தச் சுவரைக் கறையாகப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். கையாகப் பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து இரண்டே பேர். அவர் மவுத்தாகிவிட்டார். நான் காணவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.